உற்ற இடத்தில் ஒட்டும் மருந்து

வாய்ப்புண் ஓரிடத்தில் இருக்க, நாம் விழுங்கும் மாத்திரையோ குருதியில் கலந்து உடலெங்கும் செல்கிறது. புண்ணின்மேல் தடவும் மருந்தை உமிழ்நீர் விரைவில் கழுவிவிடுகிறது. இவ்விடரைத் தீர்க்க வந்தவையே உயிரொட்டுப் பலபடிகள் எனப்படும் பாலிமர்கள்.

இவற்றின் செயல்முறையைக் காண்போம். பலபடி முதலில் ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது. பின்னர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், சளிப்படலத்திலுள்ள மியூசின் இழைகளுக்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசான் நேர்மின்னூட்டம் உடையது. ஆதலின் எதிர்மின்னூட்டமுள்ள மியூசினை இறுகப் பற்றுகிறது. வாய்ப்புண்ணுக்கான டிரையாம்சினலோன் பசையில் பெக்டின், ஜெலட்டின், சோடியம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் ஆகியவை இப்பணியை ஆற்றுகின்றன. கன்னத்தின் உட்புறத்தில் ஒட்டும் வில்லையிலிருந்து கசியும் மருந்து, கல்லீரலில் முதலிலேயே சிதையாமல் குருதியைச் சேர்வதும் உண்டு.

எனினும், ஒட்டும் வலிமை மிகுந்தால் மட்டும் போதாது. மிகுதியாக நீரேறினால் பலபடி வழுவழுப்பாகிப் பிடி தளரும். சளிப்படலமும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால், பழைய படலத்தோடு மருந்தும் பெயர்ந்துவிடும். ஆகவே ஒட்டியிருக்கும் காலத்தை வரையறுப்பது உடலே; அக்காலத்திற்குள் மருந்தை அளவோடு விடுவிக்கச் செய்வதே இத்துறையின் உண்மையான அறைகூவல் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.