டிஸ்க் மாட்டினால் போதுமா? பழைய கார் பிரேக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய அம்பாசிடரோ பத்மினியோ வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு சுற்றிச் சுற்றி பிரேக்குக்குத்தான் வரும். "முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுடுங்க சார், அப்புறம் கவலையே இல்ல" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் பாகங்களைத் தேடிப் பிடித்து மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். மாற்றுவது தவறில்லை. ஆனால் எதற்காக மாற்றுகிறோம், கூடவே எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று தெரியாமல் கைவைத்தால் இருந்த பிரேக்கும் கெட்டுவிடும். உயிர் சம்பந்தப்பட்ட காரியம் என்பதால், ஊரில் உலவும் நம்பிக்கைகளைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது.

"டிஸ்க் போட்டால் பாதி தூரத்தில் நின்றுவிடும்"

நிற்காது. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள பிடிப்பு. அந்தப் பிடிப்பின் எல்லையைத் தாண்டி எந்த பிரேக்கும் எதுவும் செய்துவிட முடியாது. காய்ந்த தார் ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு நிற்க ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். 80 கி.மீ. வேகம் என்றால் 36 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, கால் பெடலுக்குப் போக ஒரு விநாடி ஆனால், 60 கி.மீ. வேகத்தில் அதற்குள்ளேயே 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். உங்கள் டிரம் பிரேக் ஓங்கி மிதித்தால் சக்கரங்களைப் பூட்டும் அளவுக்குப் பிடிக்கிறதா? அப்படியானால் ஒரே ஒரு அவசர பிரேக்கில் டிஸ்க்கால் மிச்சமாகும் தூரம் மிகக் குறைவு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2312 என்றிருந்தால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஷெட்டில் நின்று நின்று கல்லாகிப்போன அந்த மாதிரி டயரோடு ஓடிக்கொண்டு டிஸ்க்குக்குப் பணம் சேர்ப்பதில் அர்த்தமே இல்லை. முதல் செலவு டயருக்கு.

"டிரம் என்றாலே பலவீனம்"

1955-இல் இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டெர்லிங் மோஸ் ஓட்டி வென்ற மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான். சுமார் 1,600 கி.மீ. பொதுச்சாலையை 10 மணி 7 நிமிடத்தில் முடித்த கார் அது.

டிரம்முக்கு ஓர் இயற்கையான பலம் உண்டு. ஷூ உரசத் தொடங்கியதும் சுழலும் டிரம் அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து, தானாகவே இன்னும் இறுக்கிக்கொள்ளும். அந்தக் காலத்துப் பல கார்களில் முன்சக்கரத்தின் இரண்டு ஷூக்களுமே இப்படி இழுபடும்படி அமைந்திருக்கும். அதனால்தான் பூஸ்டர் எதுவும் இல்லாமல், கால் பலத்தாலேயே ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை நிறுத்த முடிந்தது. டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது. பேடை நேராக அழுத்த வேண்டும். அதற்கு அழுத்தம் நிறைய வேண்டும்.

டிஸ்க்கின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. மோஸ் வென்ற அதே ஆண்டு, அதே வகைக் காரை லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோன மெர்சிடிஸ், டிரம்களின் சுமையைக் குறைப்பதற்காக ஓட்டுநருக்குப் பின்னால் காற்றைத் தடுக்கும் பெரிய பலகையைப் பொருத்தியது. எதிரே நின்ற ஜாகுவாரில் டன்லப் டிஸ்க். 1953-லேயே லே மானில் டிஸ்க்கோடு ஓடி வென்ற கம்பெனி அது. அங்கே தீர்மானித்தது சூடு. ஒரு தடவை நிறுத்துவதில் டிரம் தோற்காது. திரும்பத் திரும்ப, மணிக்கணக்கில் பிடிக்கும்போது தோற்கும்.

நம் ஊரில் அந்தச் சோதனை குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது நடக்கிறது. உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆளும் சாமானுமாக 1,400 கிலோ கொண்ட ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், 70 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தால் ஏறக்குறைய முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும்; லைனிங்கின் உராய்வும் குறையும்; பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறிவிடும். விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினாலும் சில சுற்றுகளில் உதறிவிடும். அடிக்கடி மலை ஏறி இறங்குகிறவருக்கு டிஸ்க் உண்மையான வரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைவரை போய்வருகிறவருக்கு அந்த அவசரம் இல்லை.

"டிஸ்க்குக்கு ஃபேட் கிடையாது"

உண்டு. சூட்டில் பிடிப்பு குறைவதுதான் ஃபேட்; டிஸ்க்கில் அந்த ஆபத்து பிரேக் ஆயிலில் இருக்கிறது. பேடுகளை அழுத்தும் கேலிபரின் பிஸ்டன் பேடை ஒட்டியே இருப்பதால், சூடு நேராக ஆயிலுக்குப் போகும். டாட் 3 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 140. டாட் 4-க்கு 230-உம் 155-உம். இந்த ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமாகவே இழுத்துக்கொள்ளும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும்; பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். பாதி பயன்படுத்தி மூடிவைத்த டப்பாவை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

"முன்னால் மாட்டினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்"

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். பிரேக் என்பது பெடலிலிருந்து பின்சக்கரம்வரை ஒரே ஏற்பாடு. ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கம் சும்மா இருக்காது.

டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவுக்கு அழுத்தத்தை அது தேக்கிவைக்கும். வீல் சிலிண்டருக்குள் காற்று புகாமல் காப்பது அதன் வேலை. டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அந்த அழுத்தம் ஒன்றும் செய்யாது. கேலிபரில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனாலே சூடு அடிக்கும். வண்டி இழுக்கத் திணறும். "டிஸ்க் போட்டதிலிருந்து மைலேஜ் போச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்த வால்வுதான் இருக்கிறது.

அடுத்தது அளவு. கேலிபர் பிஸ்டன் பெரியது. அதைத் தள்ள ஆயில் அதிகம் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு தள்ளாவிட்டால் பெடல் ஆழமாகப் போகும். பெரிய சிலிண்டர் வைத்தால் பெடல் கல்லாகும், பூஸ்டர் தேவைப்படும். பூஸ்டருக்கு வேக்குவம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டீசல் அம்பாசிடரில் அப்படிக் கிடைக்காது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும்.

பிறகு முன்பின் பங்கீடு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும். முன்சக்கரத்துக்கு முன்பே பின்சக்கரம் பூட்டிக்கொண்டால், ஈர ரோட்டில் வண்டி பின்புறத்தைச் சுழற்றி எறிந்துவிடும். மாற்றிய பிறகு ஆளில்லாத திறந்த இடத்தில் குறைந்த வேகத்தில் மிதித்துப் பார்க்காமல் ரோட்டுக்கு வரவே கூடாது.

எல்லாவற்றிலும் என்னைப் பதறவைப்பது வெல்டிங் பிராக்கெட். ஏதோ ஒரு காரின் கேலிபரைக் கொண்டுவந்து, இரும்புத் தகட்டை வெட்டி, ஸ்டப் ஆக்சிலோடு வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். அவசர பிரேக்கில் சக்கரத்தைப் பிடிக்கும் முழு விசையும் அந்த ஒரு பற்றில் விழும். தயவுசெய்து செய்யாதீர்கள். கம்பெனியே உருவாக்கிய வடிவம் இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பிற்கால அம்பாசிடர்களில் முன்னால் டிஸ்க் வந்தது. அதன் பாகங்களை ஒரே செட்டாகத் தேடலாம். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொண்டால், அதே குடும்பத்து முன்சஸ்பென்ஷன் கொண்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் 1962 முதலே டிஸ்க் உண்டு. எதை மாட்டினாலும் பழைய ரிம்முக்குள் கேலிபர் உரசாமல் அடங்குகிறதா என்பதை வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் என்ற ஆசையும் சிலருக்கு உண்டு. பின்சக்கரத்துக்கு டிரம்மே போதும். ஹேண்ட் பிரேக் அதில்தான் எளிதாகவும் உறுதியாகவும் அமையும்.

"டிரம்முக்குள் காற்றடித்தால் சுத்தமாகிவிடும்"

கம்ப்ரசர் குழாயை நீட்டி டிரம்முக்குள் ஊதுவதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் பையனையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது

பழைய ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் கார்களின் பெரிய குறை டிரம் அல்ல. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச்சுற்று என்பதுதான். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நாலும் போய்விடும். அமெரிக்காவில் 1968-லேயே இரட்டைச் சுற்று கட்டாயமாகிவிட்டது. இரட்டைச் சுற்றுக்கான தாண்டம் மாஸ்டர் சிலிண்டர் வைத்து முன்சக்கரச் சுற்றையும் பின்சக்கரச் சுற்றையும் பிரித்துவிட்டால், ஒன்று போனாலும் மற்றது நிற்க உதவும். என் கணக்கில், டிஸ்க்குக்கு முன்னால் செய்ய வேண்டிய மாற்றம் இது.

அதற்கும் முன்னால், இருப்பதைச் சரியாக வையுங்கள். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் உறையின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால், ஆயிலைத் தடுக்கும் ரப்பர் கப் போய்விட்டது. லைனிங்கில் ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அந்த லைனிங்கை பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டாதீர்கள், மாற்றுங்கள். டிரம்மைக் கடைசல் பிடித்தால் ஷூவும் அந்த வளைவுக்குப் பொருந்த வேண்டும். இல்லையென்றால் நடுவில் மட்டும் தொடும். மூடிய பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்டரைத் திருப்பி, சக்கரம் பூட்டியதும், லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்துங்கள். "டிரம் பிடிக்கவே மாட்டேங்குது" என்று வரும் வண்டிகளில் பல, இதற்குப் பிறகு நன்றாகவே பிடிக்கும்.

இவ்வளவும் செய்து, மலைப்பாதைக்காக டிஸ்க் வேண்டும் என்று முடிவெடுத்தால், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பதில் கைக்கு வந்த பிறகு பாகம் வாங்குங்கள்.