வியாழக்கிழமை இரவுக் கணக்கு

இங்கிலாந்து ரக்பி என்றதும் ட்விக்கன்ஹாம் மைதானமும், டிவியில் வரும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் அங்கே கிளப் லீக்குகளின் வரிசையில் மேலிருந்து எட்டாவது படி, கவுன்டீஸ் 2. மிட்லண்ட்ஸில் ஒரு சின்ன ஊர் அணிக்கு அங்கே ஒரு சீசன் முழுக்க டீம் மேனேஜராக இருந்தேன். சென்னையில் கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறெதையும் தொடாதவன் நான். ஞாயிறு காலை மகனைச் சிறுவர் பயிற்சிக்குக் கூட்டிப்போய் ஓரமாக நின்றேன். முதலில் தண்ணீர் பாட்டில்களைக் கையில் கொடுத்தார்கள், பிறகு டச் ஜட்ஜ் கொடியை, கடைசியில் பொறுப்பையே கொடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சனிக்கிழமைதோறும் ஆட்டம். ஆனால் எங்கள் சீசனின் பாதி வெற்றி தோல்வி வியாழக்கிழமை இரவே முடிவாகிவிடும். பயிற்சி முடிந்து அணியை அறிவிக்கும் நேரம் அது. எங்களில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒருவர் கூரை வேலை செய்பவர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவருக்கு ஆடு குட்டிபோடும் பருவம் வந்தால் பண்ணையை விட்டு நகர முடியாது. பதினைந்து பேரைத் திரட்டுவதுதான் என் வேலை.

வாட்ஸ்அப்பில் “சனிக்கிழமை யார் யார் வர்றீங்க?” என்று கேட்டால் கட்டைவிரல்கள் குவியும். அதை நம்பி அணி போடாதீர்கள். போன் போட்டு, “யார் வண்டியில வர்றே, எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். வண்டியின் பெயரைச் சொல்பவன் வருவான். “பார்க்கலாம்” என்பவன் வரமாட்டான்.

அதிலும் முதலில் எண்ண வேண்டியது முன்வரிசையை. ஸ்க்ரம்மில் முட்டிமோதி நிற்கும் இரண்டு ப்ராப், நடுவில் ஒரு ஹூக்கர். கழுத்து ஆபத்து உள்ள இடம் என்பதால் அதற்குப் பழகியவர்கள்தான் அங்கே நிற்கலாம். ஆள் இல்லாவிட்டால், ஸ்க்ரம்மில் யாரும் தள்ளக்கூடாது என்று ரெஃப்ரி சொல்லிவிடுவார். எங்கள் அணியின் பலமே ஸ்க்ரம்தான். தள்ளாத ஸ்க்ரம் வந்த அன்றைக்கெல்லாம் நாங்கள் பாதி அணிதான். அதனால் நாற்பதைத் தாண்டி ஓய்வுபெற்ற ஒரு ப்ராப்பை விடாமல் துரத்திக்கொண்டிருந்தேன். “நான் ரெடி. என் பொண்டாட்டிகிட்ட நீயே பேசு” என்பார். பேசுவேன். அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் அவருடைய முழங்காலின் வரலாற்றை முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் சம்மதிப்பார்.

வெள்ளி இரவு கணினியில் ஆட்ட அட்டையை நிரப்ப வேண்டும். பதிவு செய்யாத ஆளை இறக்கினால் கஷ்டப்பட்டு வென்ற புள்ளி பறிபோகலாம். சலிப்பான வேலைதான், தள்ளிப்போடாதீர்கள்.

புள்ளிக் கணக்கை அணியில் எல்லாருக்கும் சொல்லிவைப்பது நல்லது. வென்றால் 4, சமன் என்றால் 2. நான்கு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) அடித்தால் கூடுதலாக 1. தோற்றாலும் 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசம் என்றால் 1. ஒருநாள் வெளியூரில் 19-9 என்று பின்தங்கியிருந்தோம். கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. எங்கள் கேப்டன் கோல் கம்பத்தைக் காட்டினார். உதைத்தால் மூன்று புள்ளி, ஆட்டம் 19-12 என்று முடியும், தோல்வி தோல்விதான். ஓரத்தில் நின்ற கூட்டம் சிரித்தது. ஆனால் வித்தியாசம் ஏழுதானே! தோற்ற அணி அந்த ஒரு புள்ளியோடு பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

2023 ஜூலை முதல் எங்களைப் போன்ற மட்டங்களில் டாக்கிள், அதாவது பந்தோடு வருபவரைக் கட்டிப்பிடித்து மடக்குவது, நெஞ்செலும்பின் அடிமுனைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இருபது வருடம் நிமிர்ந்தே மோதிப் பழகியவர்களுக்கு இது லேசில் வராது. இடுப்பை மட்டும் வளைத்துக் குனிகிறவன் எதிராளியின் முழங்காலில் தலையைக் கொடுத்துவிடுவான். முழங்காலை மடக்கி, முன்காலை எதிராளிக்குப் பக்கத்தில் ஊன்றி, அதன்பிறகு கையைக் கட்ட வேண்டும். பயிற்சியில் நடந்துகொண்டே இதைச் செய்யவைத்தோம், ஓடவிடவில்லை. பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது, விசில் குறைந்தது.

தலையில் அடி விஷயத்தில் பேரமே கூடாது. சந்தேகம் வந்தாலே வெளியே. குறைந்தது 21 நாள் போட்டி கிடையாது. “எனக்கு ஒண்ணுமில்ல” என்று அடம்பிடிப்பவனின் ஷூவை வாங்கி என் கார் டிக்கியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

ஜனவரியில் மைதானம் உறைந்துவிடும். காலையில் வெயில் படாத மூலைக்குப் போய்க் குதிகாலால் அழுத்திப் பாருங்கள், நடு மைதானம் ஏமாற்றும். குதிகால் இறங்கவில்லை என்றால் எதிரணி வண்டி கிளம்புவதற்குள் போன் செய்துவிடுங்கள். அந்த மரியாதைக்கு இங்கே பெரிய மதிப்பு. அதற்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்தின் ரக்பி யூனியன் அமைப்பு 1871லேயே தொடங்கினாலும், நாடு தழுவிய லீக் வந்தது 1987ல்தான். நூறு வருடத்துக்கு மேல் கடிதம் எழுதி, ஒருவரையொருவர் அழைத்துத்தான் ஆடினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் வந்த அணிக்குச் சாப்பாடு போட வேண்டும், எங்களிடம் பெரும்பாலும் சிப்ஸும் சில்லியும். நம் பக்கத்துச் சிறந்த ஆட்டக்காரரை எதிரணி தேர்ந்தெடுக்கும். களைப்பு என்று சீக்கிரம் வண்டி ஏறிவிடாதீர்கள். அடுத்த முறை நம்மிடம் பதின்மூன்று பேர்தான் என்றால், ஒன்றிரண்டு பேரைக் கடன் கொடுப்பது கூடவே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான்.

இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டம் வந்தால் கிளப்ஹவுஸில் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்துவிடுவார். அவர்கள் ஆடும் கல்கத்தா கோப்பை, கலைக்கப்பட்ட கல்கத்தா கிளப்பின் வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது என்று, நான் முதல்முறை கேட்பதுபோல விவரிப்பார். “எங்கள் காசு, திருப்பிக் கொடுங்கள்” என்பேன். ஒரு பியர் வாங்கித் தருவார்.

சீசன் முடிந்து கோடை வந்ததும், அடுத்த வருடம் எந்தப் பிரிவில் ஆடுவோம் என்று அறிவிப்பார்கள். ஊர்களின் தூரத்தைப் பார்த்துத்தான் பிரிவுகள் அமைகின்றன. மேலேறாமல், கீழிறங்காமல் பக்கத்துப் பிரிவுக்கு மாறுவதும் உண்டு. பட்டியல் கைக்கு வந்ததும் யார் பலமான அணி என்று ஆராய்வதை மற்றவர்களிடம் விட்டுவிடுவேன். எந்த ஊர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்று முதலில் குறித்துக்கொள்வேன். அந்த வாரங்களுக்கான ப்ராப்களை ஜூன் மாதமே பிடித்துவைக்க வேண்டும்.