சொல்லும் உரிமையும்: பிரெஞ்சுக் காப்புரிமை ஆவணங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு

தோற்றுவாய்

வழிநூல் நால்வகைப்படும் என்று கூறும் தொல்காப்பியம், அவற்றுள் ஒன்றாக மொழிபெயர்ப்பை எண்ணுகிறது. மொழிபெயர்ப்பு என்றதும் காவியமும் கவிதையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவருடைய உடைமையே கைநழுவிப் போகும் துறையும் உண்டு. அதுவே சட்ட ஆவண மொழிபெயர்ப்பு. அதன் ஒரு கூறாகிய, பிரெஞ்சு மொழிக் காப்புரிமை ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியை ஈண்டு ஆராய்வோம்.

உரிமையின் எல்லை

பேடண்ட் எனப்படும் காப்புரிமை, புதியதொன்றைக் கண்டறிந்தவர்க்கு அரசு குறித்த காலத்திற்கு அளிக்கும் தனியுரிமையாகும். பிரான்சில் இதற்கு 1791ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆவணத்தில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைக் கோரிக்கைகளே அதன் உயிர்ப்பகுதி. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போன்று, கண்டுபிடிப்பின் எல்லையை இவை சொற்களால் வரையறுக்கின்றன. ஆகவே இங்குச் சொல்லே எல்லைக்கல். மொழிபெயர்ப்பாளர் அதனை ஒரு சாண் நகர்த்தினும் வழக்குத் தோன்றும்.

திறந்த சொல்லும் மூடிய சொல்லும்

மணல், கரி, கூழாங்கல் என்னும் மூன்று அடுக்குகளையுடைய நீர் வடிகட்டி ஒன்றைக் கற்பனை செய்வோம். பிரெஞ்சு மூலத்தில் 'கோம்ப்ரனான்' என்றிருந்தால், அம்மூன்றும் இருத்தல் வேண்டும். வேறு சிலவும் இருக்கலாம் என்பது பொருள். ஆங்கிலத்தில் இதற்கு நேரானது 'கம்ப்ரைசிங்'. 'கோன்ஸ்திதுயே த' என்பதோ பொதுவாக அம்மூன்றால் மட்டுமே ஆனது எனப் பொருள்பட்டு, 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்னும் ஆங்கிலத் தொடருக்கு இணையாகும். முன்னதைப் பின்னதாகப் பெயர்த்துவிட்டால், நான்காவதாக ஒரு துணி அடுக்கைச் சேர்த்து விற்கும் போட்டியாளர் எளிதில் தப்பிவிடுவார். கண்டறிந்தவர் உழைப்பு வீணாகும்.

ஒலியால் மயக்கும் சொற்கள்

இரு மொழியிலும் ஒத்த உருவில் நின்று பொருளால் வேறுபடும் சொற்கள் பெரும் இடர் தருவன. பிரெஞ்சில் 'ஏவான்துயெல்மான்' என்பது 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்னும் பொருளது. 'ஆப்ஷனலி' என்பதே அதற்குத் தக்க ஆங்கிலம். ஒலி ஒப்புமை கண்டு 'ஈவென்ச்சுவலி' என எழுதினால், 'முடிவில் நிகழும்' என்றாகிவிடும். விருப்பமான உறுப்பு கட்டாய உறுப்பாகத் தோன்றும்.

அவ்வாறே 'ஒப்ஜே' என்னும் சொல், இவ்வாவணங்களில் கண்டுபிடிப்பு எதனைப் பற்றியது என்பதைச் சுட்டவே பெரிதும் வரும். ஆங்கில 'ஆப்ஜெக்ட்' நோக்கத்தைக் குறித்துவிடக் கூடும். இடமறிந்து பெயர்த்தல் வேண்டும்.

மரபுத் தொடர்கள்

'காரக்தெரிசே ஆன் ஸ க' என்னும் தொடர் 'கேரக்டரைஸ்ட் இன் தட்' என ஆங்கிலத்தில் வழங்குகிறது. இது வெறும் அலங்காரமன்று. இதற்கு முன் நிற்பவை முன்பே அறியப்பட்டவை. பின் நிற்பவை இக்கண்டுபிடிப்புக்கே உரியவை. வாக்கிய ஓட்டம் கருதி ஓர் உறுப்பை இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்திற்கு மாற்றினால், பழையது புதியதாகவும் புதியது பழையதாகவும் தோன்றிவிடும்.

பழைய பிரெஞ்சுப் பொருள்களில் 'எஸ். ஜே. தே. ஜே.' என்னும் எழுத்துகளைக் காணலாம். 'அரசின் உத்தரவாதமின்றி' என்பது இதன் விரிவு. அரசு முன்னாய்வு செய்யாமலே உரிமை வழங்கியமையால், உரிமை பெற்றதைப் பறைசாற்றுவோர் இத்தொடரையும் சேர்த்தல் வேண்டும் என 1844ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இப்பின்னணி அறியாது சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பொருளே தரம் குறைந்தது எனப் படிப்போர் மயங்குவர். ஆகவே சட்ட வரலாற்றறிவும் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது.

இன்றைய தேவை

1973ஆம் ஆண்டு மூனிக் நகரில் உருவான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றையும் அலுவல் மொழிகளாகக் கொண்டது. எம்மொழியில் நடவடிக்கை நடந்ததோ அம்மொழிப் பாடமே மூலப்பாடம் என்பது அதன் விதி. 2023 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருமைக் காப்புரிமை முறையில், பிரெஞ்சு மொழியில் வழங்கப்பட்டதற்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் தரப்படல் வேண்டும் என்பது இடைக்கால ஏற்பாடு. அம்மொழிபெயர்ப்பு தகவலுக்காகவே அமைவது, சட்டவலிமை உடையதன்று.

நம் நாட்டில் நிலைமை வேறு. காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையில் இந்தியா 1998 டிசம்பர் 7 முதல் உறுப்பு நாடாக உள்ளது. அவ்வழியே பிரெஞ்சில் வரும் விண்ணப்பத்திற்குச் சரிபார்க்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு அளித்தல் வேண்டும். இங்கு ஆய்வுக்கு உட்படுவது அந்த ஆங்கிலப் பாடமே. எனவே பிழையின் விளைவும் பெரிது.

நிறைவுரை

மொழிபெயர்ப்பாளர் மூலத்திற்கு மெருகூட்டுதல் நன்று என்பது இலக்கியத்திற்குப் பொருந்தலாம். இவ்வாவணங்களுக்கு அது பொருந்தாது. மூலம் தெளிவற்றிருந்தால் அத்தெளிவின்மையையும் உள்ளவாறே காட்டி, உரியவரிடம் குறிப்பெழுதிக் கேட்பதே முறை. எல்லையைக் கூட்டின் பிறர் உரிமை பறிபோகும்; குறைப்பின் உடையவர் உரிமை பறிபோகும்.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பித் தருவதை அமானிதம் பேணுதல் என்கிறோம். பிறருடைய சொல்லும் அத்தகைய அமானிதமே. பன்மொழி பயிலும் நம் மாணவர்கள் இத்துறையை நாடுவாராயின், அகராதியறிவோடு இந்நேர்மையையும் உடன்கொண்டு செல்வாராக.