துடிப்பு கூடினால் வேகம் கூடுமா?

கணிப்பொறி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனை கிகா ஹெர்ட்ஸ்?" என்பதைத்தான். விற்பவரும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்வார். இரண்டு பெட்டிகளில் எதை வாங்கலாம் என்று அப்பா உங்கள் முகத்தைப் பார்ப்பார். வீட்டில் அறிவியல் படிக்கிறவர் நீங்கள்தானே! பெரிய எண்ணைக் காட்டி "இதுவே வேகமானது" என்று சொல்லிவிடலாமா? செலவாகப் போவது பல ஆயிரம் ரூபாய். இக்கேள்விக்கு, 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு நடத்திய போட்டியே நல்ல விடை தருகிறது.

கணிப்பொறியில் கணக்கு வேலைகளைச் செய்வது நுண்செயலி என்னும் சிறு சிலிக்கான் சில்லு. அதனுள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசைந்து இயங்குகின்றன. விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதே ஹெர்ட்ஸ் என்ற அளவு. 1 கிகா ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடித் துடிப்புகள். அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையே ஒளிகூட 30 சென்டிமீட்டர்தான் செல்ல முடியும். உங்கள் அளவுகோலின் நீளம் அவ்வளவுதான்.

இன்டெல் நிறுவனம் 1968-இலும், ஏ.எம்.டி. நிறுவனம் 1969-இலும் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டன. ஐ.பி.எம். 1981-இல் வெளியிட்ட தனியாள் கணிப்பொறியில் இன்டெலின் 8088 சில்லு 4.77 மெகா ஹெர்ட்ஸில் இயங்கியது. 1982-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அவ்வகைச் சில்லுகளை ஏ.எம்.டி.யும் தயாரித்தது. பிற்பாடு கூட்டாளிகள் போட்டியாளர்கள் ஆனார்கள். 2000 மார்ச் 6 அன்று ஏ.எம்.டி. தன் ஆத்லான் சில்லை 1 கிகா ஹெர்ட்ஸில் வெளியிட்டது. இரண்டே நாளில் இன்டெலும் தன் பென்டியம் 3 சில்லை அதே துடிப்பில் அறிவித்தது!

அதே ஆண்டு நவம்பரில் இன்டெல் கொண்டுவந்த பென்டியம் 4 சில்லோ 1.5 கிகா ஹெர்ட்ஸைத் தொட்டது. ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் வியப்படைந்தார்கள். 1.2 கிகா ஹெர்ட்ஸ் ஆத்லான் பல வேலைகளில் அதை முந்தியது. சில வேலைகளில் 1 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 3 கூட முந்தியது. இது எப்படி?

கட்டடம் கட்டும் இடத்தில் செங்கல் கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் குவியலிலிருந்து கொத்தனார் வரை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். 10 பேர் நின்றால் ஒவ்வொருவரும் சற்றுத் தூரம் நகர்ந்து கொடுக்க வேண்டும். அதே தூரத்தில் 20 பேர் நின்றால் கையை நீட்டினாலே போதும். கைமாறும் நேரம் பாதியாகிறது. கொத்தனாரிடம் கல் இரு மடங்கு விரைவில் அடுத்தடுத்து வந்து விழும். நுண்செயலியிலும் ஒரு கட்டளை இப்படித்தான் பல படிகளைக் கடந்து நிறைவேறுகிறது. பென்டியம் 3-இல் சுமார் 10 படிகள். பென்டியம் 4-இல் 20. படி சிறிதானதால் துடிப்பைக் கூட்ட முடிந்தது.

இப்போது கொத்தனார் திடீரென்று, "செங்கல் போதும், கலவைச் சட்டியைக் கொடுங்கள்" என்கிறார். எல்லார் கையிலும் இருக்கும் கல்லைக் கீழே போட வேண்டும். முதல் சட்டி வந்து சேரும்வரை கொத்தனார் சும்மா நிற்பார். ஆட்கள் இரு மடங்கானதால் இந்தக் காத்திருப்பு குறைந்துவிட்டதா? இல்லை. கடக்க வேண்டிய தூரம் அதேதான். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சிறிது நேரம் வீணாவதால் காத்திருப்பு சற்றுக் கூடவும் செய்யும். "இந்த எண் பூச்சியமானால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்" என்ற வகைக் கட்டளை வரும்போது, நுண்செயலி விடையை முன்கூட்டியே ஊகித்து வரிசையை நிரப்பி வைக்கிறது. ஊகம் தவறினால் வரிசை முழுவதும் வீண். ஊகம் தவறாமல் ஒரே சீராக ஓடும் வேலைகளில், சலனப் படங்களைச் சுருக்குவது போன்றவற்றில், பென்டியம் 4 நன்றாகவே செயல்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் காண, மொத்தக் கட்டளைகளை, ஒரு துடிப்பில் சராசரியாக முடியும் கட்டளைகளையும் விநாடிக்கான துடிப்புகளையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். 1,200 கோடிக் கட்டளைகள் உள்ள வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். துடிப்புக்கு 1 கட்டளை முடிக்கும் 3 கிகா ஹெர்ட்ஸ் சில்லுக்கு 4 விநாடி ஆகும். துடிப்புக்கு 2 கட்டளை முடிக்கும் 2 கிகா ஹெர்ட்ஸ் சில்லுக்கு 3 விநாடியே போதும். கடைக்காரர் சொல்லும் எண், வகுக்கும் எண்ணில் பாதிச் செய்திதான்!

ஏ.எம்.டி.க்கு இது தெரிந்திருந்தும் வாங்குவோருக்குத் தெரியவில்லை. எனவே 2001 அக்டோபரில் அது ஒரு தந்திரம் செய்தது. 1.53 கிகா ஹெர்ட்ஸ் சில்லுக்கு 'ஆத்லான் எக்ஸ்.பி. 1800+' என்று பெயரிட்டது. தன் பழைய ஆத்லானோடு ஒப்பிட்ட எண் என்று விளக்கம் சொன்னாலும், மக்கள் அதைப் பென்டியம் 4-இன் துடிப்போடுதான் ஒப்பிட்டார்கள். ஓர் அரைகுறை எண்ணுக்கு மறுமொழியாக இன்னோர் அரைகுறை எண் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்டெலோ 2004-இல் படிகளை 31 ஆக்கியது. அங்கே இயற்பியல் குறுக்கிட்டது. சில்லு இயங்கச் செலவாகும் மின்திறன், துடிப்புக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் கூடும். அத்துடன் மின்கசிவும் சேர்ந்துகொண்டது. 3.8 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4 சுமார் 1.1 சதுர சென்டிமீட்டர் பரப்பில் 115 வாட் வெப்பத்தை வெளியிட்டது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். சில்லில் அதைப்போல் 20 மடங்கு! அறிவித்திருந்த 4 கிகா ஹெர்ட்ஸ் சில்லை இன்டெல் 2004 அக்டோபரில் கைவிட்டது. 2006-இல் வெளிவந்த அதன் கோர் 2 டுயோ 14 படிகள் கொண்டது, துடிப்பும் குறைவு, வேகமோ பென்டியம் 4-ஐவிட அதிகம்.

இன்று ஒரே சில்லில் பல கருக்கள் உள்ளன. அவை வெவ்வேறு துடிப்பில் ஓடுவதும் உண்டு. அதனால் நீங்களே அளந்து பார்ப்பதே நல்லது. பள்ளி ஆய்வகத்தில் இருவகைக் கணிப்பொறிகள் இருந்தால், 1 கோடி வரையுள்ள பகா எண்களை எண்ணும் ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டி, நிறுத்து கடிகாரத்தால் ஐந்து முறை அளந்து சராசரி காணுங்கள். வேறு எந்த நிரலும் அப்போது ஓடக்கூடாது. பிறகு ஒரு பெரிய சலனப் படத்தைச் சுருக்கும் வேலையைக் கொடுத்து மீண்டும் அளவிடுங்கள். முதல் வேலையில் வென்ற கணிப்பொறி இரண்டாவதில் தோற்றால், பிழை என்று அடித்துவிடாமல் அதையும் அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள்.