நினைவட்டையில் அழிந்த படங்களை மீட்பது எப்படி?

தோட்டத்து வீட்டு வாசலில் பாட்டியாரை அமர்த்தி எடுத்த படம். இன்று பாட்டியாரும் இல்லை, அவ்வீடும் இல்லை. அப்படம் கை தவறி அழிந்துவிட்டால் நாம் கலங்குவது இயல்பே. ஆயினும், அக்கணமே அந்தக் கேமராவில் படமெடுப்பதை நிறுத்திவிட்டால் அதனைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

மெமரி கார்டு எனப்படும் நினைவட்டையை ஒரு நூலகமாக எண்ணிப் பார்ப்போம். நாம் ஒரு படத்தை அழிக்கும்போது, கேமரா பெயர்ப்பட்டியலில் உள்ள குறிப்பைத்தான் நீக்குகிறது. நூலோ அடுக்கிலேயே இருக்கிறது. அவ்விடம் காலியென்று கொண்டு வேறொரு படம் அதன்மேல் எழுதப்படும்போதுதான் பழையது மெய்யாகவே மறைகிறது. அவ்வாறு மறைந்ததை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. 'இன்னும் ஒரே ஒரு படம்' என்று ஆசைப்படுவோர் இதனை நினைவிற் கொள்க.

எனவே அட்டையைக் கழற்றிவிட வேண்டும். எஸ்டி அட்டையாயின், அதன் ஓரத்திலுள்ள சிறு பூட்டைக் கீழே தள்ளிவிடுதல் நலம். பின்னர் அதனைக் கணினியில் செருகி, 'ஃபோட்டோரெக்' போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு தேடலாம். அது பெயர்ப்பட்டியலை நம்புவதில்லை. ஜேபெக் படம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அமைந்துள்ள அடையாளக் குறியைக் கண்டே படத்தை எடுத்துத் தருகிறது. மீட்டவற்றை அதே அட்டையில் சேமித்தல் கூடாது. கணினியிலேயே சேமிக்க வேண்டும்.

மீண்டு வரும் படங்களுக்குப் பழைய பெயர்கள் இரா; வெறும் எண்களே இருக்கும். பாட்டியார் எந்த எண்ணில் இருக்கிறார் என்பதை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.