சத்தம் வரலையா? மீட்டரைப் பாருங்கள்

வீட்டிலேயே பாட்டுப் பதியத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் புகார் இது: "அண்ணே, பதிஞ்சாச்சு. ப்ளே பண்ணா கோடு ஓடுது, சத்தம் மட்டும் வரலை." உடனே சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். வேண்டாம். பதறாத காரியம் சிதறாது. ஒலி எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் போதும், சரிசெய்வது பெரும்பாலும் ஒரு க்ளிக்கில் முடியும்.

1. முதலில் வால்யூமைக் குறையுங்கள். எரிச்சலில் எல்லாக் குமிழையும் முழுசாகத் திருகியிருப்பீர்கள். திடீரென்று ஒலி திறந்துகொண்டால் அடிபடுவது காதுதான். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு தேடுங்கள்.

2. மீட்டரை நம்புங்கள். ப்ளே போட்டு, ட்ராக் மீட்டரையும் மாஸ்டர் மீட்டரையும் பாருங்கள். இரண்டிலும் பச்சைக் கோடு ஏறி இறங்கினால் உள்ளே ஒலி ஒழுங்காக ஓடுகிறது. குறை அதற்கு அப்பால். ட்ராக் ஆடி மாஸ்டர் ஆடாவிட்டால் ரூட்டிங் தவறு. ரீப்பர் சாஃப்ட்வேரில் அந்த ட்ராக்கின் ரூட் பட்டனைத் திறந்து, 'மாஸ்டர் சென்ட்' டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. இரண்டுமே ஆடாவிட்டால், மியூட்டைப் பாருங்கள். பிறகு சோலோ. திரைக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு ட்ராக்கில் சோலோ எரிந்தால் மற்றதெல்லாம் வாயடைத்துவிடும். அலைவடிவமே இல்லாமல் நேர்க்கோடாக இருந்தால் பதிவே ஆகவில்லை. இன்புட் தேர்வையும் கெயினையும் பாருங்கள். கீபோர்டிலிருந்து மிடி பதிந்திருந்தால் அதில் இருப்பது ஸ்வரக் குறிப்பு மட்டும்தான், ஒலி அல்ல. ட்ராக்கில் ஒரு இன்ஸ்ட்ருமென்ட் ப்ளகின் போட்டால்தான் பேசும்.

4. மானிட்டர் பட்டனை மறக்காதீர்கள். க்யூபேஸில் ட்ராக்கின் சின்ன ஸ்பீக்கர் படம் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தால், மைக்கில் இப்போது வருவதுதான் கேட்கும், பதிந்தது கேட்காது. ஏபிள்டன் லைவில் மானிட்டர் 'இன்' என்று இருந்தாலும் இதே கதை. 'ஆட்டோ'வுக்கு மாற்றுங்கள்.

5. ஒலி எந்த வழியாக வெளியே போகிறது? புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஸ்டெய்ன்பெர்க் 1997-இல் கொண்டுவந்த ஆசியோ டிரைவர், தாமதத்தைக் குறைப்பதற்காக விண்டோஸின் மிக்சரைச் சுற்றிக்கொண்டு நேராக ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்குப் போகிறது. அதனால் லேப்டாப் ஸ்பீக்கரில் காதை வைத்துக் காத்திருந்து பயனில்லை. விண்டோஸ் வால்யூமை ஏற்றியும் பெரும்பாலும் பலன் இராது. ஹெட்போனை இன்டர்ஃபேஸிலேயே செருகுங்கள். ஆடியோ செட்டிங்ஸில் டிவைஸாக உங்கள் பெட்டியின் பெயரும், அவுட்புட்டாக 1, 2-உம் இருக்கட்டும். நான்கு அவுட்புட் உள்ள பெட்டியில் ஒலி 3, 4-க்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

6. பெட்டியின் முகப்பைத் தடவிப் பாருங்கள். பல பெட்டிகளில் ஹெட்போனுக்கு ஒரு குமிழ், ஸ்பீக்கருக்கு வேறு குமிழ் இருக்கும். சில பெட்டிகளில் இன்புட்டுக்கும் ப்ளேபேக்குக்கும் நடுவே ஒரு மிக்ஸ் குமிழும் உண்டு. ப்ரீசோனஸ் ஆடியோபாக்ஸில் அதற்கு 'மிக்சர்' என்று பெயர். அது இன்புட் பக்கம் முழுசாகத் திரும்பியிருந்தால் உங்கள் குரல் மட்டும் கேட்கும், பதிந்த பாட்டு கேட்காது. ஹெட்போன் முனையில் மாட்டும் 6.35 மி.மீ. அடாப்டரை முழுசாக அழுத்திச் செருகுங்கள். பாதியில் நின்றால் ஒரு காது மட்டும் கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது.

7. சாம்பிள் ரேட் ஒத்துப்போகட்டும். பிரௌசரில் யூடியூப் ஓடிக்கொண்டிருக்க, இன்டர்ஃபேஸ் பெட்டியை விண்டோஸ் 48,000 ஹெர்ட்ஸில் பிடித்து வைத்திருக்கலாம். உங்கள் ப்ராஜெக்டோ 44,100 கேட்கும். சில டிரைவர்கள் அப்போது டிவைஸைத் திறக்கவே விடா. மற்றதையெல்லாம் மூடிவிட்டு, இரண்டு இடத்திலும் ஒரே எண்ணை வைத்துப் பாருங்கள்.

8. கேபிளையும் சந்தேகியுங்கள். மலிவான ஹப் வழியாக வரும் மின்சாரம் பெட்டிக்குப் போதாமல் போகலாம். லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டிலேயே நேராகச் செருகுங்கள். முதலில் பெட்டி, அப்புறம் சாஃப்ட்வேர்: இந்த வரிசையில் திறந்தால் டிவைஸ் காணாமல் போகும் தொல்லை குறையும்.

9. இன்னும் பிடிபடவில்லையா? புது ப்ராஜெக்ட் திறந்து, ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் ஒரு எம்பி3 பாட்டை அதில் இழுத்துப் போடுங்கள். அது கேட்டால் பெட்டி, டிரைவர், வயர் மூன்றும் குற்றமற்றவை. கோளாறு பழைய ப்ராஜெக்டுக்குள். கேட்காவிட்டால் கோளாறு அதற்கு வெளியே. தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

10. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பலவற்றை ஒன்றாக மாற்றினால் சத்தம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். சரியானதும், ஒலி ஒழுங்காகக் கேட்கும் ஒரு வெற்று ப்ராஜெக்டை டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிட்டு, இனி எல்லாப் பாட்டையும் அதிலிருந்தே தொடங்குங்கள்.