பாக்கெட்டைப் புரட்டிப் பாருங்கள்

● பொருட்பட்டியலில் எடை கூடியதே முதலில் வரும். மிக்சரில் முதல் மூன்றுக்குள் பாமாயில் இருந்தால் அளவோடு கொறியுங்கள்.

● சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு தெரியும். 800 மி.கி. சோடியம் என்பது 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாளெல்லாம் சேர்த்தே 5 கிராமுக்குள்தான் இருக்க வேண்டும்.

● சத்து விவரம் 100 கிராமுக்கா, ஒருவேளை அளவுக்கா என்று கவனியுங்கள்.

● ஆதனக்கோட்டையில் சாலையோரம் வாங்கும் வறுத்த முந்திரிக்கு லேபிள் கிடையாது. முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் வேண்டாம். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

● ஆலங்குடி, வடகாடு பலா சீசனில் கொட்டைகளை எறியாதீர்கள். கழுவி, நிழலில் உலர்த்தி வைத்தால் முருங்கைக்காயோடு புளிக்குழம்புக்கு ஆகும். தோலை உரித்து, முன்னதாகவே வேகவைத்துச் சேருங்கள்.